என் முழங்காலைச் சாட்டாகச் சொல்லாதே

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அதை வெட்டிவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இன்றைக்கு எனக்கு உன்மேல் இருப்பது கோபம், அதை மறைத்துக்கொண்டு தொடங்க விருப்பமில்லை. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு தகப்பன் மகனுக்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேள்விப்பட்டால் இந்த லண்டனில், ஸ்ட்ரெதமில் இருக்கிற நம் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நேரே கதைத்தால் நான் முதல் வசனத்திலேயே கத்துவேன், நீ ‘ஓம் அப்பா’ என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவாய். இருபத்தொரு வருடமாக நமக்குள் நடப்பது அதுதான். ஒன்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன், உனக்கு வாசிக்கத் தெரியும். ஆறுதலாக வாசி. விளங்காத இடம் வந்தால் அம்மாவிடம் கேட்காதே, நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நேற்றுக் காலை நீ வேலைக்குப் போன பிறகு அம்மா குசினி வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். “அவன் அந்த யூனிவர்சிற்றிக்கு வரேல்லை எண்டு எழுதப் போறானாம். உங்களோட நிக்கப் போறானாம்.” அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் பாருங்கோ என்கிற மாதிரி நின்றாள். எனக்குத் தலைக்குள் இரத்தம் ஏறியது. மூன்று வருடம் உடலியக்க விஞ்ஞானம் படித்து, நல்ல பெறுபேறு எடுத்து, அதற்குப் பிறகு நேர்முகத்துக்குப் போய், வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி மாஸ்டர்ஸ் படிக்க இடம் எடுத்திருக்கிறாய். இந்த வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும். செப்டம்பரில் வகுப்புத் தொடங்குகிற அதே கிழமை என் முழங்காலுக்கு இரண்டாம் தடவை ஆஸ்பத்திரி. அதற்காக நீ அந்த இடத்தை விடப் போகிறாயாம். நான் கேட்டேனா? ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது கேட்டேனா?

உன் படிப்பைப் பற்றி எனக்கு வாய் திறக்க உரிமை குறைவு என்பது தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன். நேரடியாக பிசியோதெரபிக்குப் போக உனக்கு ஒரு புள்ளி தவறியது. அதனால்தான் சுற்றுவழியாக, முதலில் இந்தப் பட்டத்தை எடுத்துவிட்டு அதற்குப் போகிறேன் என்று சொன்னாய். நான் டொக்டர் கனவில் இருந்தவன். சுற்றுவழி, நேர்வழி ஒன்றும் என் காதில் விழவில்லை. முதல் வருடம் வெஸ்ட் ஈலிங் கோயிலில் வைத்து ஒருவர் தம்பி என்ன படிக்கிறார் என்று கேட்டார். நான் ‘மெடிக்கல் லைன்’ என்றேன். அவர் அதை டொக்டர் என்றே எடுத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. நீ அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாய். நீயும் திருத்தவில்லை. காரில் வரும்போதாவது ‘ஏன் அப்பா அப்படிச் சொன்னீங்கள்’ என்று கேட்பாய் என்று பார்த்தேன். நீ ரேடியோவைப் போட்டாய். அந்த மனிதர் இன்றைக்கும் உன்னை டொக்டர்த் தம்பி என்றுதான் விசாரிக்கிறார். அவரைக் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் போகிறேன்.

இப்போது முழங்கால் கதைக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தார்கள். அடுத்த நாளே ஒரு ஐரிஷ் பிள்ளை, அங்கத்தைய பிசியோ, வந்து என்னை எழுப்பி நிற்க வைத்தாள். வீட்டுக்கு விடும்போது படம் போட்ட தாள் ஒன்று தந்தாள். இத்தனை தரம் மடிக்க வேண்டும், இத்தனை தரம் நீட்ட வேண்டும், முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கவே கூடாது என்று அதில் பெரிய சிவப்புக் கோடு போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் உன் மாமி வந்தாள். என் அக்காவுக்கு நான் இன்னும் சின்னப்பிள்ளைதான். ஆட்டுக்கால் சூப்பும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தாள், என்னைச் சாய்த்துப் படுக்க வைத்தாள், நோகிற காலுக்குக் கீழே நல்ல மொத்தமான தலையணை ஒன்றை வைத்துவிட்டாள். அந்தத் தாள் மேசையில் கிடந்தது. அதன்மேல் சூப்புக் கோப்பையை வைத்தாள். எனக்குச் சொர்க்கமாக இருந்தது. நம் ஆட்களுக்கு வருத்தம் என்றால் படுக்க வேண்டும், மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். வருத்தக்காரனை எழுப்பி நடக்க வைப்பவன் இரக்கமில்லாதவன்.

அன்றைக்கு முன்னறையில் என்னோடு பஸ் ஓட்டுகிற இரண்டு பேரும் இருந்தார்கள். நீ வந்தாய், என் காலடியில் இருந்தாய். “அப்பா, அந்தத் தலகணியை எடுங்கோ. அது இருந்தால் கால் நேரா வராது” என்றாய். மாமி விடவில்லை. “நீ சும்மா இரு தம்பி. கொப்பர் நோவில கிடக்கேக்க உன்ர படிப்பைக் காட்டாத” என்றாள். நீ அதற்கும் விடாமல், என் குதிக்காலில் கை வைத்து மெல்ல மடித்துப் பார்த்தாய். நொந்தது. நொந்த கோபத்தில், ஆட்களுக்கு முன்னால் நான் சொன்ன வசனம் எனக்கு மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது. “கால் பிடிக்கவே உன்னைப் படிப்பிச்சனான்?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ கையை எடுத்தாய், நீயும் சிரித்துக்கொண்டு எழுந்து எல்லோருக்கும் தேத்தண்ணி போடப் போனாய். அதற்குப் பிறகு இந்தப் பத்து வாரத்தில் நீ என் காலைத் தொட்டதே இல்லை.

அது என் பிழை. முழுக்க முழுக்க என் பிழை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த ஐரிஷ் பிள்ளை பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டாள், ஒவ்வொரு நாளும் மூன்று தரம் என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ பக்கத்துக் கதிரையில் இருந்து உன் சப்பாத்தைப் பார்த்தாய். அவள் முழங்காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன கிழமை சத்திரசிகிச்சை செய்த டொக்டர் கருவி வைத்து அளந்தார். அறுபத்திரண்டு பாகைதான் மடிகிறது, நேராகவும் வரவில்லை. இப்படியே விட்டால் பிரேக்கில் கால் வைத்து பஸ் ஓட்டும் வேலை முடிந்துவிடும் என்றார். அதனால் மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, அவரே பிடித்து மடிக்கப் போகிறார். இவ்வளவு நாளும் நான் செய்யாததை அவர் ஒரே நிமிடத்தில் செய்யப்போகிறார்.

நேற்று அம்மா சொன்ன பிறகு, ஆஸ்பத்திரிக் கடிதத்தில் திகதியைப் பார்க்கலாம் என்று டிவிக்குக் கீழே இருக்கிற லாச்சியைத் திறந்தேன். கடிதத்துக்குக் கீழே உன் நீலமட்டைக் கொப்பி இருந்தது. படிப்புக் கொப்பி என்று நினைத்துத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே என் முழங்கால். எட்டாம் நாள், எழுபது, தலையணை. பதினைந்தாம் நாள், எழுபது, தலையணை. இருபத்திரண்டாம் நாள், அறுபத்தைந்து, இன்றும் தலையணை. இப்படியே பக்கம் பக்கமாக. நான் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ எதிர்க் கதிரையில் இருந்து கண்ணாலேயே அளந்து எழுதியிருக்கிறாய். கடைசியாக எழுதியது அறுபது. டொக்டர் கருவியோடு அளந்ததற்கும் உன் கண்ணுக்கும் இரண்டு பாகைதான் வித்தியாசம். அதைப் பார்த்தபோது எனக்கு உன்னை நினைத்துப் பெருமை வந்தது, அதே நேரம் எழுந்து உன் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போலவும் இருந்தது.

உனக்குத் தெரிந்திருக்கிறது, மகனே. என் கோபம் அதுதான். தெரியாமல் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டேன். தகப்பனின் கால் கிழமைக்குக் கிழமை இறுகிக்கொண்டு போவதைப் பார்த்து, அதை ஆங்கிலத்தில் அழகாகக் குறித்துவைத்துவிட்டு, லாச்சிக்குள் போட்டு மூடியிருக்கிறாய். நான் ஒரு கேவலமான பகிடி விட்டேன் என்பதற்காக, மாமி கோபிப்பாள் என்பதற்காக. நாளைக்கு யாரோ ஒரு கிழவர் உன்னிடம் வந்து, ஏலாது தம்பி, விடுங்கோ தம்பி என்று கெஞ்சினால், மகள்மார் சுற்றி நின்று கண்ணீர் விட்டால், நீ கொப்பியில் எழுதிவிட்டுத் தேத்தண்ணி போடப் போவாயா? அந்த ஐரிஷ் பிள்ளை உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. என்னை நேரே பார்த்து, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்ற மாதிரியே முகத்தை வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு வந்து நாலு தரம் காலை மடித்தேன்.

பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறது, ஓடும்போது அதற்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று இடம் கொடுக்கிற முதியவர் ஒருவர் ஒரு நாள் என் பஸ்ஸில் ஏறி, கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு ஊர்ப்புதினம் கதைக்கத் தொடங்கினார். பின்னால போங்கோ ஐயா, இல்லாட்டி பஸ் வெளிக்கிடாது என்றேன். எஞ்சினையும் நிறுத்தினேன். போனார். ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை, அவரும் கண்ணாடியில் மோதி மண்டை உடையாமல் நல்லாகத்தான் இருக்கிறார். அதை நான் மரியாதைக் குறைவு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, அது என் வேலை. வீட்டில் மட்டும் அந்தப் புத்தி எனக்கு எங்கே போனது என்று தெரியவில்லை.

உன் வாயை மூடவைத்தது யார் என்று நேற்று முழுக்க யோசித்தேன். நான்தான். உனக்குப் பதினொரு வயது. அப்போது நம்மோடு இருந்த மாமியின் விசா விஷயமாகக் குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருக்கிற அந்தப் பெரிய கட்டடத்துக்குப் போனோம். பள்ளிக்கூட விடுமுறை, உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், மாமி எங்கள் வீட்டில் எத்தனை வருடமாக இருக்கிறா என்று கேட்டாள். எனக்கு அந்த இடத்துக்குப் போனாலே நாக்கு ஒட்டிவிடும், அகதியாக வந்த காலத்துப் பயம் அது. இரண்டு வருடம் என்றேன். நீ உடனே ‘இல்லை அப்பா, மூன்று’ என்றாய். நான் மேசைக்குக் கீழே உன் தொடையில் நுள்ளினேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு நுள்ளினேன். பெரியாட்கள் கதைக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்று ட்ராமில் வீடுவரைக்கும் ஏசிக்கொண்டு வந்தேன். மூன்று வருடம்தான் சரி. விண்ணப்பத்திலும் அப்படித்தான் இருந்தது. நான் பிழையாகச் சொன்னதால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, இன்னொரு தரம் அலைய வேண்டி வந்தது. நீ சொன்னதுதான் சரி என்று நான் உன்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. இப்போது பத்து வருடம் பிந்தி எழுதுகிறேன். நீ சொன்னதுதான் சரி.

ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு நீ தப்ப விடமாட்டேன். உனக்கு வாய் இல்லாமல் இல்லை. இரண்டாம் வருடம் நீ தசைகளைப் பற்றிப் படிக்கும்போது, அவற்றை உடம்பில் பேனையால் கீறிப் பழக ஆள் வேண்டும் என்று கேட்டாய். நான் சட்டை கழற்ற ஏலாது என்று போய்விட்டேன், அம்மா கையை நீட்டினாள். அடுத்த நாள் கெயார் ஹோமுக்கு அவள் தோளில் நீலக்கோட்டோடு வேலைக்குப் போனாள், அங்கே இருக்கிற கிழவிகள் பச்சை குத்தியிருக்கிறாயா என்று கேட்டார்களாம். அப்போதுதான் அவளுடைய வலது கை காதுக்கு மேலே எழும்பாது என்பதை நீ கண்டுபிடித்தாய். ஆட்களைத் தூக்கித் தூக்கி வந்த வினை, அவள் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று மாதம் அவள் விரல்களைச் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வைத்தாய். அவள் களைப்பு என்றாள், சமையல் இருக்கிறது என்றாள், நீ அடுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றாய். “கள்ளம் அடிக்காதேங்கோ அம்மா, இன்னும் அஞ்சு இருக்கு” என்று நீ சொன்னதை நான் முன்னறையில் இருந்து கேட்டேன். இன்றைக்கு அவள் தன் கையாலேயே கொண்டை போடுகிறாள். அந்த மகன் எங்கே? அம்மாவிடம் காட்டிய அந்தக் கண்டிப்பை என்னிடம் ஏன் காட்டவில்லை? எனக்குப் பயமா? அல்லது நான் அதற்குத் தகுதியில்லாதவன் என்று விட்டுவிட்டாயா? இரண்டில் எது என்றாலும் எனக்கு நோகிறது.

இன்று காலை இரண்டு வேலை செய்தேன். ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்தேன். செப்டம்பரில் மடித்துவிட்ட பிறகு அங்கே வகுப்பு இருக்கிறது, தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் போக வேண்டும். அதில் என் பெயரைப் பதியச் சொன்னேன். வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள், மனைவி இருக்கிறா, பின்னேரம் நிற்பா, அது போதும் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. போய் வருவதற்கு என்னோடு வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் ஓய்வு நாளில் காரில் கூட்டிப்போகிறோம் என்கிறார்கள், மற்ற நாளில் ஆஸ்பத்திரி வண்டி வரும். அடுத்தது, அக்காவுக்கு எடுத்தேன். இனிமேல் சூப் கொண்டுவா, தலையணைக்குக் கிட்டப் போகாதே என்றேன். அழுதாள். நல்லது செய்யத்தானே வந்தேன் என்றாள். நல்லதுதான் அக்கா, ஆனால் கால் இறுகிவிட்டது, பிள்ளை அன்றைக்கே சொன்னவன், நான்தான் கேட்கவில்லை என்றேன். அவளோடு இப்படிக் கதைக்க எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது.

ஆகவே உனக்கு இங்கே வேலை இல்லை. நீ நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? நான் நோகிறது என்பேன், நீ விட்டுவிடுவாய். மாமி வருவாள், நீ தேத்தண்ணி போடுவாய். ஊரில் எல்லோரும் என்ன மாதிரிப் பிள்ளை என்று புகழ்வார்கள், அந்தப் புகழில் உன் இரண்டு வருட மாஸ்டர்ஸ் போய்விடும். பிறகு ஒரு காலத்தில், நான் அப்பாவுக்காக விட்டேன் என்று உன் மனைவிக்குச் சொல்வாய். நான் சாகும்வரைக்கும் அதைச் சுமக்க வேண்டும். எனக்கு வேண்டாம்.

இதையும் நீ ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டு ‘ஓம் அப்பா’ என்று பெட்டி கட்டினால் அதுவும் எனக்குப் பிடிக்காது. உனக்கு அந்தப் படிப்பே வேண்டாம் என்றால், மற்றவர்களின் நோவைப் பார்க்க ஏலாது என்றால், அல்லது வேறு ஏதும் மனதில் இருந்தால், என் முகத்தைப் பார்த்துச் சொல். கத்துவேன். நிச்சயமாகக் கத்துவேன். நீ தேத்தண்ணி போடப் போகாமல் அங்கேயே நின்று, கத்தி முடிந்த பிறகு இன்னொரு தரம் சொல். நான் கேட்பேன். ஆனால் என் முழங்காலைச் சாட்டாகச் சொல்லாதே. அது என்னுடைய கால், அதைக் கெடுத்தவன் நான், அதை மடிக்க வேண்டியவனும் நான்தான்.

இவ்வளவையும் கீழே முன்னறையில் இருந்து எழுதினேன். இந்தப் பகுதியை மட்டும் உன் அறை வாசலில், மேல்படியில் காலை நீட்டி இருந்துகொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். ஒப்பரேஷனுக்குப் பிறகு நான் மாடிக்கு வந்தது இன்றைக்குத்தான். அம்மா வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் யாரும் இல்லை. பதின்மூன்று படி. ஆறாவது படியில் நோவு தாங்காமல் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன், நீ வீட்டில் இல்லை என்று தெரிந்தும் கத்தினேன். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு ஏழாவது படியில் கால் வைத்தேன்.

கடிதத்தைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்கப்போகிறேன். நீ வரும்போது கீழே என் கதிரையில்தான் இருப்பேன். எப்படி ஏறினீர்கள், எப்படி இறங்கினீர்கள் என்று கேட்காதே. வெள்ளிக்கிழமைக்கு என்ன எழுதப் போகிறாய் என்பதை மட்டும் வந்து சொல்.

அப்பா